சுக்கிரன் ஏறிய தராசு

1982ஆம் ஆண்டு மாசி மாதத்தில், மயிலாடும்பாறையில் கோழிகள்கூடக் காலில் கல்லைக் கட்டிக்கொண்டுதான் மேய்ந்தன.

மார்ச் பத்தாம் தேதி கிரகங்கள் எல்லாம் சூரியனுக்கு ஒரே பக்கமாகக் கூடப்போகின்றன என்று பத்திரிகைகள் முதல் பக்கத்தில் எழுதின. கூடினால் ஒன்றும் ஆகாது என்றும் அதே பத்திரிகைகள் எழுதின. அது நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில். மலைச்சாமியின் டீக்கடையில் முதல் பக்கத்தை உரக்கப் படித்துவிட்டு நான்காம் பக்கத்தில் வடை மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் 'பிரபஞ்சப் பேராசிரியர்' சங்கரலிங்கம் வந்து இறங்கினார். எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். இந்த வெயிலில் கோட்டுப் போடுகிறவர் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேராசிரியராக இருக்க வேண்டும். ஊர் இரண்டாவதை நம்பியது.

அவரை ஜீப்பில் கூட்டி வந்தவர் தேனி அல்லிநகரத்துப் பஞ்சு வியாபாரி செல்லப்பாண்டி. இலவங்காய் வெடிக்கும் பருவத்தில் ஆண்டுதோறும் தராசும் சாக்குமாக வருகிறவர், அந்த ஆண்டு மைக்செட்டும் கொண்டுவந்தார். ஊருக்கு நல்லது செய்ய ஆசை என்றார். வியாபாரிக்கு அப்படி ஓர் ஆசை வந்தால் அவனவன் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் கைதட்டியது.

புளியமரத்தடியில் கூட்டம் நெரிந்தது. கடமலைக்குண்டிலிருந்தும் வருசநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பேராசிரியர் மைக்கைத் தட்டினார்.

“வெள்ளி, வெள்ளின்னு சொல்றமே, அது ஒரு காலத்துல கிரகமே இல்ல. வியாழனோட வயித்துக்குள்ள கிடந்துச்சு. வயிறு வெடிச்சு வெளிய வந்து, வாலும் நெருப்புமாப் பூமிய உரசிட்டுப் போச்சு. வியாழன் யாரு? தேவகுரு. வெள்ளி யாரு? அசுரகுரு சுக்கிரன். ரெண்டு பேருக்கும் ஏன் தீராத பகைன்னு இப்பத் தெரியுதா?”

தெரிந்தது. பெற்ற வயிற்றோடு பகை என்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. அங்கே பாதி வழக்குகள் அப்பன் மகன் வழக்குகள்தான்.

“சிவன் கல்யாணத்துல வடக்கு தாழ்ந்துச்சு, தெக்கு உயந்துச்சு. அகத்தியரத் தெக்க அனுப்பிச் சமன் பண்ணாக. அது கதை இல்ல, சயின்ஸ். சுக்கிரன் தெக்குப் பக்கமா வந்து இழுத்தாரு. இங்கன இருந்த ஆளு, மாடு, மலை எல்லாம் எடை குறைஞ்சு போச்சு. அதத்தான் பெரியவுக அப்படி எழுதி வச்சாக. இப்ப அவரு தனியா வரல. எல்லாக் கிரகத்தையும் கூட்டிக்கிட்டு வாராரு. மொதல்ல எடை குறையும். அப்புறம் கால் தரையில நிக்காது.”

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. அசைந்தால் கால் தரையை விட்டுக் கிளம்பிவிடுமோ என்ற பயம்.

“சார், கிளாசுல டீ நிக்குமா?” என்று மலைச்சாமி கேட்டார்.

“நிக்காது.”

மலைச்சாமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பரிகாரம் இல்லாத பிரளயம் உண்டா? பேராசிரியரிடம் 'அகத்தியர் குண்டு' இருந்தது. கறுப்புக் கயிற்றில் கோத்த ஈயக் குண்டு. இடுப்பில் கட்டிக்கொண்டால் பூமி நம்மை விடாது. வைகை அணையில் மீன்பிடிக்கிறவர்கள் வலை ஓரத்தில் கோக்கிற குண்டும் இதேதான். ஒரே வித்தியாசம், வலைக்கு அதனால் பயன் உண்டு.

அத்தாட்சிக்குத் தராசு இருந்தது. புளியமரக் கிளையில் தொங்கிய செல்லப்பாண்டியின் பெரிய தராசு. ஆள் உட்காருகிற அளவுக்குப் பெரிய பலகைதான் தட்டு. ஊரில் யாராவது ஒருவர் ஏறுங்கள் என்றார் பேராசிரியர். முன்வரிசையில் வாயைப் பிளந்து நின்ற ஒச்சாண்டியை நாலு பேர் ஏற்றிவிட்டார்கள். ஒச்சாண்டி பத்து இலவ மரத்துக்குச் சொந்தக்காரன். யார் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் இரண்டு மடங்கு நம்புகிற பரோபகாரி. அன்று அறுபது கிலோ இருந்தான். அடுத்த வாரம் ஐம்பத்தாறு. ஊர் குலை நடுங்கியது.

ஒச்சாண்டி மட்டுமா குறைந்தான்? வீட்டில் மூட்டை கட்டும்போது கனத்த இலவங்காய் தராசில் ஏறியதும் இளைத்தது.

“நான் என்னத்தச் செய்ய?” என்றார் செல்லப்பாண்டி, கண் கலங்க. “சுக்கிரன் இழுக்குறாரு. நாளைக்கு இன்னும் குறையும். இன்னைக்கே போட்டுட்டா உங்களுக்கு நல்லது.”

மரத்தில் வெடிக்காத பிஞ்சுக் காயைக்கூட உலுக்கிக் கொண்டுவந்து போட்டார்கள். ஓர் ஆண்டு விளைச்சல், ஒரு பயலும் திருடாமல், பறந்துகொண்டிருந்தது.

ஒச்சாண்டி வீட்டுக்கு வந்து இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை அம்மிக்கல்லில் கட்டிக்கொண்டான். குண்டு மேல் குண்டாக மூன்று கட்டியிருந்தும் அவனுக்குத் திருப்தி இல்லை. பயத்தில் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி ராஜாத்திக்குச் சுக்கிரனிடம் ஒரு விரோதமும் கிடையாது. அவளுக்கு வேண்டியது அம்மி.

“ஏங்க, கொஞ்சம் நகருங்க. மிளகா அரைக்கணும்.”

“அரை. நான் ஓரமா இருந்துக்கிறேன். கயித்த மட்டும் அவுக்காத.”

“கயிறு மிளகாக்குள்ள விழுதுங்க.”

“விழட்டும் புள்ள. நான் வானத்துல விழுறதுக்கு அது தேவல.”

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. ஒச்சாண்டி கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் ராஜாத்தி அம்மியைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டியிருந்தது. முன்னால் புருசன், நடுவில் கயிறு, பின்னால் அம்மி சுமந்த மனைவி. பக்கத்து வீட்டு மொக்கம்மாள் வேலி ஓரம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்படி ஒரு வாரம் சுமந்த பிறகு ராஜாத்தி அம்மியை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைத் தேய்த்தாள்.

“உலகமே எடை குறையுதுன்னு சொல்றாக. எந்தலைக்கு மட்டும் அது ஏங்க தெரிய மாட்டேங்குது?”

“அதெல்லாம் சயின்ஸ். உனக்குப் புரியாது.”

“ஆடிக் காத்துல அம்மி பறக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இது மாசி. சும்மா இருங்க.”

மார்ச் ஒன்பதாம் தேதி கடைசி எடை. மறுநாள் பிரளயம் என்பதால் கூட்டம் பிதுங்கியது. லாரி பாதி ஏற்றிய நிலையில் நின்றது. ஒச்சாண்டியை ஏற்றினார்கள். ஐம்பத்தொன்று. பெண்கள் சிலர் அழுதுவிட்டார்கள். மூட்டைகளோடு ஆட்கள் தராசை நோக்கி முண்டியடித்தார்கள்.

“சார், எனக்கு ஒரு சந்தேகம்” என்றாள் ராஜாத்தி. தலையில் அம்மி அப்படியே இருந்தது.

“கேளும்மா.”

“எம் புருசன் குறையுறாரு. காய் குறையுது. அப்ப எடைக்கல்லு மட்டும் ஏன் குறையல? அதுவும் இங்கனதான கெடக்கு?”

பேராசிரியர் இருமினார். அதிக நேரம் இருமவில்லை, தொழில் தெரிந்தவர்.

“அது இரும்பும்மா. இரும்புக்கு அதிபதி சனி. சனி பிடிச்சா விடுவாரா?”

கூட்டம் தலையாட்டியது. சனி விடமாட்டார் என்பது அனுபவத்தில் கண்டது.

“சரி சார். இரும்ப எந்தத் தட்டுல வச்சாலும் சனி விடமாட்டாரா?”

“விடவே மாட்டாரு.”

“எம் புருசன எந்தத் தட்டுல ஏத்தினாலும் சுக்கிரன் இழுப்பாரா?”

“இழுத்தே தீருவாரு” என்றார் பேராசிரியர் பெருமையாக.

செல்லப்பாண்டி தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். “ஏலே, தராசக் கழட்டுங்கடா. மழை வர்ற மாதிரி இருக்கு” என்றார். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

“வந்தா நனைஞ்சுக்கிறோம். மொதல்ல அந்தக் கல்ல இந்தத் தட்டுல வைங்க. எம் புருசன அந்தத் தட்டுக்கு மாத்துங்க.”

மலைச்சாமியும் இன்னும் இரண்டு பேரும் எடைக்கற்களை மாற்றினார்கள். ஒச்சாண்டி இறங்கி, சுற்றி வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு எதிர்த் தட்டில் ஏறினான். ஐம்பத்தொன்று வைத்தார்கள். ஒச்சாண்டி தரையை விட்டு எழும்பவில்லை. கல்லைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அறுபத்து நான்கில் நின்றது.

மலைச்சாமி கற்களை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

“ஒச்சாண்டி,” என்றார் மலைச்சாமி, “இங்கிட்டிருந்து அங்கிட்டுப் போறதுக்குள்ள பதிமூணு கிலோ ஏறிட்டியேப்பா. வழியில என்னத்தத் தின்ன?”

முதல் சிரிப்பு எங்கோ பின்னால் கிளம்பியது. “தட்டுக்குத் தட்டு கிரகப் பார்வை மாறும்” என்று பேராசிரியர் ஆரம்பித்தார். அது முடிவதற்குள் ராஜாத்தி அம்மியை இறக்கி வைத்து, புருசன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து, தராசுக் கோலின் மேல் நீட்டிப் பிடித்து அளந்தாள். நடுக் கொக்கியிலிருந்து காய் வைக்கும் பக்கம் நாலு விரல் குட்டை. கோலின் சரிநடுவில் ஒன்றும் அதை ஒட்டி இரண்டுமாக மூன்று ஓட்டைகள். கொக்கி மூன்றாவதில் மாட்டியிருந்தது. குட்டைப் பக்கம் வெறும் தட்டு மேலே ஏறிவிடாமல் இருக்க, அடியில் ஓர் ஈயத்தகடு ஒட்டியிருந்ததை மலைச்சாமி குனிந்து பார்த்துப் பிய்த்து எடுத்தார்.

வாரத்துக்கு ஓர் ஓட்டை. இதுதான் சுக்கிரன் வந்த வழி.

பேராசிரியர் சாமர்த்தியசாலி; ஓடத் தொடங்கிவிட்டார். ஆனால் கோட்டுப் பை இரண்டிலும் விற்காத அகத்தியர் குண்டுகள் நிறைந்திருந்தன. ஆற்று மணலில் கால் புதையப் புதைய ஓடி, பாதியில் குப்புற விழுந்தார். அன்றைக்கு அந்த ஊரில் நிஜமாகவே எடை கூடியிருந்த ஒரே ஆள் அவர்தான்.

செல்லப்பாண்டி ஓடவில்லை. லாரி அங்கே இருந்தது, காய் அதில் இருந்தது, ஊர் சுற்றி நின்றது. கொக்கியைச் சரிநடு ஓட்டையில் மாட்டி, ஏற்றிய மூட்டைகளை இறக்கி, இருட்டும்வரை அவர் கையாலேயே மறுபடி நிறுக்கவைத்தார்கள். முந்தின வாரங்களில் தேனிக்குப் போய்விட்ட காய்க்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்ட பிறகுதான் வண்டியை விட்டார்கள்.

மறுநாள் மார்ச் பத்து. கிரகங்கள் கூடின. மயிலாடும்பாறையில் டீ கிளாசிலேயே நின்றது.

ஒச்சாண்டி அன்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“ஏ புள்ள, ஒருவேளை நாம குண்டு கட்டினதாலதான் ஒண்ணும் ஆகலையோ?”

ராஜாத்தி அம்மியில் தேங்காய் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“கூடலூருக்கு அங்கிட்டுக் குமுளிக்காரன் எவனும் குண்டு கட்டல. மேல பறந்துட்டானான்னு ஒரு ஜீப்பப் பிடிச்சுப் போய்ப் பாத்துட்டு வாங்க.”

ஒச்சாண்டி போகவில்லை. யோசிக்க உட்கார்ந்தான். அவனுக்கு அது புது வேலை என்பதால் சாயங்காலம் வரை ஆயிற்று.

வியாழனும் வெள்ளியும் அதனதன் பாதையில் போய்க்கொண்டிருக்கின்றன. நம் ஊர் இலவங்காயில் அவற்றுக்குப் பங்கு வேண்டாம். 'மேலே பார்' என்று இனி எவனாவது சொன்னால், முதலில் அவன் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.