சங்கத்துக் கதவு

மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையை மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தார். சேவை சங்கத்தின் கூட்ட அறைச் சாவி கிடைக்கவில்லை. சாயந்தரம் வட்டாரத் தலைவர் வருகிறார். இன்றைக்கும் கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால் சங்கத்தையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அப்பா ஆரம்பித்த சங்கம், தான் செயலாளராக இருக்கும்போதா மூட வேண்டும் என்று புலம்பிக்கொண்டே மனுஷன் மேசை இழுப்பறையையும் கவிழ்த்தார்.

"சாவியைப் பாத்தியா?"

"உங்க சாவியை நீங்கதானே பாத்துக்கணும்?" என்றாள் மனைவி. "எதிர்க்கடை மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்."

"ஊருக்கே உதவி செய்யுற சங்கம், போய் உதவி கேக்குறதா? மானம் போயிடும்."

மானத்தைக் காப்பாற்ற அவரே கூட்ட அறைப் பூட்டில் திருப்புளியை விட்டு நெம்பினார். அது முறிந்து பூட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும், மனைவி தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மெக்கானிக் வந்து எட்டிப்பார்த்தார். "நீங்க சும்மா இருந்திருக்கலாம்ணே" என்று சொல்லிக் கீல்களைக் கழற்றினார். கதவு மொத்தமாகச் சாய்ந்து, வாசலோரக் குழாயை முறித்துக்கொண்டு விழுந்தது. பீய்ச்சியடித்த தண்ணீர் உள்ளே போய் நாற்காலிகளை நனைத்துவிட்டு, அப்படியே பக்கத்து பேக்கரிக்கும் ஒரு எட்டு போய்வந்தது.

பேக்கரிக்கார அம்மா துடைப்பத்தோடு வந்தார். அடி நமக்குத்தான் என்று மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா பக்கத்துல இருக்கோம். ஒரு உதவின்னு என்னைக்காவது வாயைத் திறந்து கேட்டிருக்கீங்களா? நகருங்க" என்று அந்த அம்மா தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார்.

பிளம்பர் வந்தார். பின்னாலேயே அவர் மாமியாரும் வந்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு காய்ந்த நாற்காலி வந்தது. தூக்கிவந்தவர்கள் திரும்பிப் போகாமல் அதிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். இலவசக் கண் பரிசோதனைக்குக்கூட எட்டிப்பார்க்காத தெரு அது. இத்தனை பேரும் இங்கேதான் இருந்தார்களா என்று மருந்துக்கடைக்காரர் பிரமித்து நின்றார். கண் கலங்கிவிட்டது.

வட்டாரத் தலைவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நிற்கவும் இடமில்லை.

"இவங்கல்லாம் யாரு?"

"சங்கத்து ஆளுங்கதான்" என்றார் மெக்கானிக், கதவைத் தோளில் தாங்கியபடி. "அடுத்த கூட்டம் எப்பன்னு சொல்லுங்க சார், அதுக்குள்ள இதை மாட்டணும்."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். பிளம்பரின் மாமியார் நகர்ந்து இடம் கொடுத்ததும் உட்கார்ந்தார். "சங்கத்தை மூடுற பேச்சையே இனி எடுக்க மாட்டேன்" என்றார்.

எல்லோரும் கலைந்தபிறகும் மருந்துக்கடைக்காரருக்குப் பிரமிப்பு தெளியவில்லை. "நல்லவேளை, சாவி தொலைஞ்சுது" என்றார்.

மனைவி கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"வருஷம் பூரா கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தீங்களே, ஒருத்தராவது வந்தாங்களா?"