கலர் அண்ணன் கேட்ட கேள்வி

பிள்ளைகளே, உலகத்தில் எல்லோரும் ஆளைப் பார்த்தால் "சாப்டாச்சா?" என்று கேட்பார்கள். "ஒண்ணுக்கு இன்னா கலரு?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் கலர் அண்ணன்தான்.

அப்போது நான் தென்காசிப் பக்கமிருந்து வந்து, ஒரகடத்தில் கார் சீட்டுக்கு போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் எங்கள் கம்பெனி முதலுதவி அறையில் நர்ஸ். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறியதுமே விசாரணையை ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை ஒரு புதுமாப்பிள்ளை வெட்கம் தாங்காமல் ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதிக்கப் பார்த்தான்.

"இதுல இன்னாப்பா வெக்கம்? எலுமிச்சை ஜூஸ் மாதிரி வெளிறி இருந்தா நல்லது. டீ டிகாஷன் மாதிரி இருந்தா, உடம்பு காஞ்சி கீதுன்னு அர்த்தம்."

"எனக்கு எலுமிச்சைதாண்ணே" என்று நான் தினமும் பொய் சொல்வேன்.

காரணம் இருந்தது. சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும் லைனில் இடத்தை விட்டு நகர வேண்டுமென்றால், பதிலுக்கு ரிலீவர் வந்து நிற்க வேண்டும். மொத்த லைனுக்கும் ஒரே ரிலீவர். அவரை அடிக்கடி கூப்பிடுகிறவனுக்கு வேலை பர்மனென்ட் ஆகாது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. பர்மனென்ட் ஆனால்தான் கல்யாணம், உங்கள் அம்மா, நீங்கள் எல்லாம். அதனால் ஷிப்ட் முழுக்கத் தண்ணீரைத் தொடமாட்டேன்.

ஒரு மே மாதம் தலை சுற்றி லைன் ஓரமாகச் சாய்ந்துவிட்டேன். அண்ணன் ஓடி வந்து என் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். அது இறங்க மனசில்லாமல் அப்படியே நின்றது.

"பாரு, தோலு டென்ட் போட்டுகினு நிக்குது! இதான் உன் எலுமிச்சையா?"

ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலக்கி நீட்டினார். "மடக்கு மடக்குனு ஊத்தாத, வாந்தி வரும். கொஞ்சம் கொஞ்சமா குடி."

"அண்ணே, என் எடம் காலியா கெடக்கு. வேல போயிரும்ணே" என்று அழுதேன்.

"நா பாத்துக்கிறேன், நீ குடி" என்று வெள்ளைக் கோட்டோடு என் இடத்தில் போய் நின்றார். ஊசி போட்டுப் பழகிய கை. ஒவ்வொரு போல்ட்டையும் அதற்கு வலிக்கக்கூடாதே என்கிற மாதிரி முறுக்கினார். மூன்றாவது சீட்டில் லைன் மொத்தமும் நின்றது.

சூப்பர்வைசர் பறந்து வந்தார். "யோவ்! நர்ஸுக்கு லைன்ல இன்னாய்யா வேலை?"

அண்ணன் நிமிர்ந்தார். "சார், உங்களுக்கு ஒண்ணுக்கு இன்னா கலரு?"

சூப்பர்வைசர் லைனில் நின்ற எங்களைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் சின்னக் குரலில், "டிகாஷன்" என்றார்.

மறுவாரமே லைனுக்கு இன்னொரு ரிலீவர் வந்தார். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வந்தது. பிறகு நானும் பர்மனென்ட் ஆனேன். அதைச் சொல்ல ஓடினால், முதலுதவி அறையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அனுப்பும் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்குக் கைமாறிவிட்டதாம்.

ஸ்டேஷன் வாசலில் பல நாள் நின்று பார்த்தேன். அவர் நிஜப் பெயரை நாங்கள் யாருமே கேட்டு வைத்திருக்கவில்லை. கலர் அண்ணன் எங்கே என்று விசாரித்தால் பெயின்ட் கடைக்கு வழி சொன்னார்கள்.

இப்போது நீங்கள் ஸ்கூல் வேன் ஏறும்போது அதே கேள்வியை நான் கேட்கிறேன். "ஐயோ அப்பா!" என்று முகத்தைப் பொத்திக்கொள்கிறீர்கள்.

கலர் அண்ணே, எனக்கு இப்போதெல்லாம் எலுமிச்சைதாண்ணே. பொய் இல்லை. கேட்கத்தான் நீங்கள் இல்லை.