மே மாதம் நான் கொடுத்தது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஐஸ் பெட்டி தூக்கித் தொடங்கி, மூன்று விசைப்படகு, ஒரு ஐஸ் பிளாண்ட், மாடிவீடு எல்லாம் ஒண்டியாகக் கட்டினேன். இந்தத் தூத்துக்குடியில் என்னை அசைத்த ஆள் ஒருவன்தான்: 'தீர்மானம்'. அவனைப் போல நிலைகொள்ளாத பிறவியைக் கடலும் கண்டதில்லை, கரையும் கண்டதில்லை.

இன்ஜின் மெக்கானிக். உட்கார்ந்து டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. என் படகு இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டே, "அண்ணாச்சி, ஜனவரியை முதுகுவலி மாசம்னு அரசாங்கம் அறிவிக்கணும். நான் முன்மொழியுதேன், நீங்க வழிமொழியுங்க" என்பான். வழிமொழியாவிட்டால் ஸ்பானர் திரும்பாது. பிப்ரவரி கொசுவுக்கு, மார்ச் பல்லுக்கு. படகுக்காரர்கள் கூட்டத்தில் அவன் எழுந்தாலே, "ஏலே, தீர்மானம் எந்திரிச்சிட்டான், செருப்பத் தேடு" என்று பாதிப் பேர் வாசலுக்குப் போய்விடுவார்கள்.

ஒன்றில் மட்டும் விளையாட்டில்லை. அவன் தம்பி போன படகு திரும்பியது; தம்பி திரும்பவில்லை. லைஃப் ஜாக்கெட் படகிலேயே கிடந்தது, தலையணையாக. ஜாக்கெட்டுக்கென்று ஒரு மாதம் கேட்டு, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு.

"எந்த மாசம்னு எழுதணுமாம், அண்ணாச்சி?"

"மே போடுலே. அப்பதான் எனக்கு மேடையேற நேரமிருக்கும்."

நின்றபடியே எழுதினான். இரண்டு வருடம் அலைந்தபின் அறிவிப்பு வந்தேவிட்டது: மே, லைஃப் ஜாக்கெட் விழிப்புணர்வு மாதம். ஊரே சிரித்தது. மே என்றால் மீன்பிடித் தடைக்காலம். ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகாது.

"கட்டிக் கெடக்க படகுல எவன் முங்குவான்? கெடுத்துட்டியளே, அண்ணாச்சி!"

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். பொறுக்கவில்லை.

"எந்திரிலே! எல்லாப் பயலும் கரையிலதான் கெடக்கான். கடலுக்குத் தப்பி ஓட முடியாது. பிடி!"

பிடித்தான். வலை பின்னுகிறவன், சீட்டாடுகிறவன், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவன், எல்லோருக்கும் ஜாக்கெட்டை மாட்டி வார் இழுத்தான். கழற்றத் தெரியாத ஒருவன் அதோடே ஞாயிறு பூசைக்கு வந்தான். ஜூனில் தடை முடிந்து படகுகள் புறப்பட்டபோது, என் மூன்று படகிலும் ஒரு ஜாக்கெட்கூடத் தலையணையாகக் கிடக்கவில்லை.

இப்போது நாசரேத்தில் மகள் வீட்டில் இருக்கிறான். கடலில்லாத ஊர், எதற்கு மாதம் கேட்டு அலைகிறானோ. இங்கே என் இன்ஜின் யாரும் முன்மொழியாமலே ஓடுகிறது. சத்தம்தான் சரியில்லை.

அந்த அறிவிப்பில் அவன் பெயரும் இல்லை, மே என்று சொன்ன என் பெயரும் இல்லை. அடுத்த முறை போட்டே ஆகவேண்டும். தனித்தனியாக வேண்டாம், ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில்.