இரைப்பையில் இரண்டு இட்லி

என்னால் பசி தாங்க முடியாது. பொய்யும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. இந்த இரண்டு குறைகளும் ஒரே நாள் காலையில் சேர்ந்துகொண்டு என்னைக் காட்டிக்கொடுத்தன.

அறுபதுகளின் தொடக்கம். ஆற்காட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, ஜோகுபாளையத்தில் அக்கா வீட்டில் தங்கி, ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்கா எனக்குப் பெண் பார்த்திருந்தாள். பெண்ணுக்கு அரசாங்க வேலை என்பதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. (கேட்டிருக்க வேண்டும்.) அதற்குள் எனக்கு அடிக்கடி நெஞ்செரிச்சல் வரும் என்ற செய்தி பெண் வீட்டுக்குப் போய்விட்டது. வயிற்றில் புண் இருக்குமோ என்று அவர்கள் தயங்கினார்கள்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறோம். அதுக்குள்ள டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடு," என்றாள் அக்கா.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் அமிலப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். முதல் நாள் இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது. வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடுதான் கிளம்பினேன். வழியில் ஓர் ஓட்டல். இரண்டே இரண்டு இட்லி. வயிற்றுக்குள் போனது யாருக்குத் தெரியப்போகிறது?

பரிசோதனை அறையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் இளம்பெண் என் சீட்டை வாங்கிப் பெயரைப் படித்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். (என் புதுச் சட்டையைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.)

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

மெல்லிய ரப்பர் குழாயைத் தொண்டைக்குள் விட்டாள். பக்கத்தில் நின்ற ஆயா, "நுங்கு! நுங்கு!" என்று அதட்டினாள். கன்னடத்தில் அதற்கு 'விழுங்கு' என்று பொருள். எனக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் எதற்கு நுங்கு தருகிறார்கள் என்று யோசித்தபடி, வாயைத் திறந்து காத்திருந்தேன்.

ஒருவழியாகக் குழாய் உள்ளே இறங்கியது. அவள் மறுமுனையில் சிரிஞ்சைச் செருகி இழுத்தாள். வெள்ளையாகத் துருவல் வந்தது. பின்னாலேயே ஒரு கடுகு.

அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "தேங்காச் சட்னி. பச்சைத் தண்ணி இப்படியா சார் இருக்கும்? நாளைக்கு வாங்க."

வாயில் குழாய் இருந்ததால் மறுத்துப் பேசவும் முடியவில்லை. ஆயா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

மறுநாள் நிஜமாகவே பட்டினி. குழாயோடு உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். கால் மணிக்கு ஒரு தரம் அவள் என் வயிற்றிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தாள். அதில் இரண்டு சொட்டு சாயம் விட்டதும் சிவந்தது. சிவப்பு மாறும்வரை சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அளவைக் குறித்துக்கொண்டாள். முதலில் அமிலம் ஏறிக்கொண்டே போனது. பிறகு தானாக இறங்கியது. ஏன் என்று கையால் கேட்டேன்.

"சாப்பாட்டை நினைச்சாலே வயிறு ஆசிட் சுரக்க ஆரம்பிச்சுடும். உள்ள வந்துட்டா இன்னும் ஜாஸ்தியாகும். போதுமான அளவு சேர்ந்து, சாப்பாடும் கீழ இறங்கிட்டா, அதுவே குறைச்சுக்கும். உங்க வயித்துக்கு அளவு தெரியுது," என்றாள். எனக்குத் தெரியுமா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவில், பெண் வீட்டுக் கூடத்தில் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். காபித் தட்டோடு பெண் வந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைக் கோட்டு மட்டும்தான் இல்லை.

எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். அங்கே அவள் மாமாக்கள் மூன்று பேர் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் அப்பா கனைத்துக்கொண்டார். "தம்பிக்கு வயித்துல ஏதோ..."

"ஒண்ணும் இல்லப்பா. ஆசிட் அளவாத்தான் இருக்கு. நான்தான் டெஸ்ட் பண்ணேன்," என்றாள். "பொய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

வியாழக்கிழமை நடந்ததைக் கடுகு உட்பட ஒன்றுவிடாமல் சொன்னாள். கூடமே சிரித்தது. என் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் தம்ளரைப் பிடித்தபடி விழித்தேன்.

"குடிங்க. இன்னிக்கு டெஸ்ட் இல்ல," என்றாள் அவள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அக்கா தாம்பூலத்தை மாற்றச் சொல்லிவிட்டாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பெண் பார்த்தாலும், மாப்பிள்ளை பார்த்தாலும், போட்டோ முதலில் என் மனைவியிடம்தான் வரும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பாள்.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு," என்று திருப்பிக் கொடுப்பாள். "ஆனா மூஞ்சியப் பாத்து நான் யாருக்கும் சரின்னு சொன்னது கிடையாது."