எலி மூளை மருந்தும் பொம்பிளை பார்த்த வெள்ளிக்கிழமையும்

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடத் தெரியாத ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது.

அப்போது நான் எலி மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, உப்புக் கரைசலில் உயிரோடு வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தேன். நரம்புக்கலத்தின் வாசலில் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும். தாழ்த்தும் கருவி என்ற வகை இரசாயனத்தைக் கொஞ்சம் விட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும். வாசல் இன்னும் திறக்கும், சும்மா கிடந்த கலம் படபடவென்று துடிக்கத் தொடங்கும். அருமையான சாமான்தான், ஆனால் கூழ்முட்டை மணம். (பழகிய மூக்குக்கு அதுவும் தெரியாது.)

ஒரு வெள்ளி பின்னேரம், சாவகச்சேரிப் பக்கம் ஒரு கோயிலில் பொம்பிளை பார்க்க ஏற்பாடு. படத்தைப் பார்த்த நாளிலிருந்தே கட்டினால் இவளைத்தான் என்று இருந்தேன். ஆய்வுகூடத்திலிருந்து புறப்படும் அவசரத்தில் அந்த மருந்து சட்டைக் கையில் ஊற்றுப்பட்டுவிட்டது. எங்கள் பக்கக் கோயில்களில் ஆம்பிளைகள் மேற்சட்டை போடக்கூடாது, எப்படியும் கழற்றத்தானே போகிறேன் என்று பேசாமல் பஸ் ஏறினேன். கழற்றிய சட்டையை மடித்துக் கையில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது இந்த மூளை ஆராய்ச்சியாளரின் மூளைக்கு எட்டவில்லை.

பூசை நடுவில், பக்கத்தில் நின்ற பெண்ணின் தகப்பனார் மூக்கைச் சுளித்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிட்டிட்டோ கோயிலுக்கு வந்தனீர்?"

இல்லை என்று சொல்லியிருந்தால் போதும்.

"ஐயோ, முட்டை இல்லை. எலி மூளைக்கு விடுற மருந்து."

அவர் தள்ளி நின்றார். நான் விடவில்லை, கிட்டப் போய் விளக்கினேன்.

"கலத்தை உசுப்பிவிடுற மருந்து, ஐயா."

"அப்ப எலியை வெட்டின கையோடையோ வந்தனீர்?"

"ஓம். ஆனா கையைக் கழுவிட்டுத்தான் வந்தனான்."

"சரி தம்பி, யோசிச்சுச் சொல்லுறம்."

எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

அப்போது அவள், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி, தகப்பனின் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து என்னிடம் கேட்டாள்.

"உந்த மருந்தை மனிசருக்கும் விடலாமோ? அப்பா ஒரு முடிவெடுக்க மாசக்கணக்காச் செல்லும்."

அவர் மகளை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கலியாணமும் நடந்தது.

மாமா நல்ல மனிதர். ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் முட்டைப் பொரியல் வைத்தால், தட்டைத் தூக்கி மணந்து பார்ப்பார். "பிள்ளை, இந்த மணம் கோழியின்ரையோ, மருமோன்ரையோ?" என்று கேட்ட பிறகுதான் கை வைப்பார்.