மூக்குப் பக்கம் நின்று பார்த்தவன்

பெண் பார்க்கப் போகும் ஆண்கள் அதிகமாகப் பொய் சொல்வது வாயில் கேசரி இருக்கும்போதுதான். மெல்லவும் முடியாது, யோசிக்கவும் முடியாது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டத்தான் முடியும். நான் மாட்டியதும் அப்படித்தான்.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் கிளார்க். கிட்வாய் நகரில் ஒரு நண்பனின் குவார்ட்டர்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜனக்புரியில் வேலூர்ப் பக்கத்து ரிட்டயர்ட் மேஜர் ஒருவர் இருந்தார். அவருடைய ஒரே பெண் சித்ரா. போய்ப் பார்த்தேன், பார்த்த நிமிஷமே விழுந்துவிட்டேன். அவள் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி முருங்கைக்காய் வியாபாரம் பார்க்கப் போய்விடுவது என்று பஜ்ஜி தீர்வதற்குள் முடிவு கட்டியிருந்தேன்.

மேஜர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். "தம்பிக்கு இந்த ரேடியோ சாமான்லாம் ரிப்பேர் பண்ணி, மாட்டி, பழக்கம் உண்டா?"

"ம்ம்" என்று பலமாகத் தலையாட்டினேன். (என் டிரான்சிஸ்டர் பேசாமல் போனால் மண்டையில் ஒரு தட்டு தட்டுவேன். பேசும். என் ரிப்பேர் ஞானம் அவ்வளவுதான்.)

"பஹுத் அச்சா" என்றார் மேஜர். உடனே அலமாரி மேலிருந்து ஓர் ஆகாய விமானத்தை இறக்கினார். குழந்தை விளையாடும் பொம்மை இல்லை. ஓராளின் கை நீளத்துக்கு இறக்கை, மூக்கில் நிஜ இஞ்சின். கீழே நின்றுகொண்டு, ஏரியல் நீட்டிய ஒரு பெட்டியின் குச்சியை ஆட்டினால் அது வானத்தில் திரும்புமாம். மேஜர் மாதக்கணக்கில் மரக்குச்சி சீவி, ஒட்டி, பெயிண்ட் அடித்திருந்தார். அதற்குள் கண் ஆபரேஷன். தூரத்தில் பறப்பது தெரியும், கைக்குள் இருக்கும் ஆணி தெரியாது. "சர்வோ செட் பண்றதுதான் பாக்கி. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து முடிச்சுக் குடுங்க. அப்புறம் மத்த விஷயம் பேசலாம்."

மத்த விஷயம் என்றால் கல்யாணம். அதற்கும் தலையாட்டினேன்.

ஞாயிறன்று போனேன். சர்வோ என்பது தீப்பெட்டி அளவு மோட்டார். அதன் தலையில் ஒரு சின்னக் கை, கையின் இரு பக்கமும் வரிசையாக ஓட்டைகள். ஓட்டையிலிருந்து ஒரு கம்பி இறக்கையின் ஓரத்திலுள்ள பலகைக்குப் போகிறது. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கைப் பலகை மேலே எழும்ப வேண்டும். இடது இறங்க வேண்டும். கம்பியை இந்தப் பக்கத்து ஓட்டையில் மாட்டினால் ஒரு திசை, அந்தப் பக்கத்தில் மாட்டினால் எதிர்த் திசை. உள் ஓட்டை என்றால் பலகை கொஞ்சம் அசையும். வெளி ஓட்டை என்றால் நிறைய.

மேஜர் ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு இதையெல்லாம் சொன்னார். "விரல் கனம் அசைஞ்சா போதும் தம்பி. அதுக்கு மேல வேண்டாம்."

இங்கேதான் சித்ராவின் அம்மா உள்ளே வந்தார். "நல்ல காரியம். கிழக்கு பார்த்து வெச்சுச் செய்ங்க." விமானத்தின் மூக்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேஜையைக் கிழக்கு பார்க்கத் திருப்பினார். சர்க்கார் கட்டிய டி.டி.ஏ. ஃபிளாட்டில் அறை எவ்வளவு பெரிதாக இருக்கும்? வால் போய்ச் சுவரோடு முட்டியது. நான் மூக்குக்கு எதிரே உட்கார்ந்தேன், அர்ச்சனைக்கு வந்தவன் போல.

கம்பியை மாட்டிக் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். என் இடக்கைப் பக்கத்துப் பலகை எழும்பியது. அடடா, தப்பு என்று கழற்றி, மறுபக்க ஓட்டையில் மாட்டினேன். இப்போது என் வலக்கைப் பக்கம் எழும்பியது. சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, சுவர் மூலையில் வாலுக்குப் பக்கத்தில் சித்ரா வந்து நின்றாள். மெதுவாக, "இந்தப் பக்கம் வந்து பாருங்களேன்" என்றாள்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஒருவர் நிற்கவே இடமில்லாத மூலை. அப்பா ஈஸிசேரில், அம்மா சமையலறையில் வடை தட்டுகிறார். இந்தப் பெண் என்ன இவ்வளவு தைரியமாகக் கூப்பிடுகிறாள்?

"பரவாயில்லைங்க, இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது" என்றேன், அவள் முகத்தைப் பார்த்து. அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த உற்சாகத்தில், விரல் கனம் என்ன பிச்சைக்காரத்தனம், மேஜர் விமானம் கம்பீரமாகத் திரும்ப வேண்டாமா என்று கம்பியைக் கடைசி ஓட்டைக்குத் தள்ளினேன். பலகை யானைக் காது மாதிரி ஆடியது.

அடுத்த ஞாயிறு காலை காலனிக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் போனோம். அதைத் தாண்டிக் காலிஃபிளவர் வயல். மேஜரின் குடும்பம் போக, வெயில் காய வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மேஜர் வாலுக்குப் பின்னால் நின்றார். நானும் கூடவே நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கம்.

"ரைட் குடுக்கறேன், பாருங்க தம்பி. ஓகேவா?"

இட இறக்கைப் பலகை எழும்பியது. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, மூக்குக்கு எதிரே உட்கார்ந்தவனுக்கு விமானத்தின் வலம் இடமாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் வாய் இருக்கிறதே, அது ஆபீஸ் வாய். மேலதிகாரி "ஓகேவா" என்றால் அதற்கு ஒரே பதில்தான் தெரியும். "ஓகே சார்" என்றது.

எப்படியாவது நிறுத்த வேண்டும். "சார், இப்ப ராகு காலமாச்சே" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை ராகு காலம் சாயங்காலம்ல?" என்றார் சித்ராவின் அம்மா.

"காத்து ஜாஸ்தியா இருக்கு சார்."

மேஜர் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்தார். அது அசையாமல் தொங்கியது.

சரி, சொல்லிவிடுவோம், போனால் முருங்கைக்காய் என்று வாயைத் திறந்தேன். "சார், தப்பா மாட்டிட்டேன்." சத்தியமாகச் சொன்னேன். அதே நொடியில் இஞ்சின் பிடித்துக்கொண்டு அலறியது. என் வாய் அசைந்ததைப் பார்த்து, நான் ஏதோ ஸ்லோகம் சொல்வதாக நினைத்து அந்த அம்மாளும் கை கூப்பினார்.

விமானம் ஓடியது, எழும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. மேஜர் வலது கொடுத்தார். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. இன்னும் வலது கொடுத்தார். அது ஒரேயடியாகப் புரண்டு, நாற்காலிகளைப் பார்த்து வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு சர்தார்ஜி வேர்க்கடலைப் பொட்டலத்தோடு தரையில் படுத்தார். நான் அவருக்கு முன்பே படுத்திருந்தேன்.

"அப்பா, இங்க குடுங்க" என்று சித்ரா பெட்டியைப் பிடுங்கினாள். நான் புல்லில் முகத்தைப் பதித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். விமானம் இடப்பக்கம் விழுந்துகொண்டிருக்க, அவளும் குச்சியை இடப்பக்கமே தள்ளினாள். விமானம் நிமிர்ந்தது. யானைக் காதின் உபயத்தால் குடிகாரன் போலத் தள்ளாடிக்கொண்டே தலைகளைத் தாண்டிப் போய், காலிஃபிளவருக்குள் மூக்கைக் குத்தி நின்றது. யாருக்கும் அடியில்லை. புரொப்பெல்லர் முறிந்தது. ஓர் இறக்கையில் விரிசல்.

மேஜர் வயலிலிருந்து அதைத் தூக்கி வந்தார். சர்வோவை விரலால் தடவிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் நின்னு பார்த்தீங்க?"

"மூக்குப் பக்கம் சார்."

"நான் வால் பக்கம் கூப்பிட்டேனே" என்றாள் சித்ரா.

"அது... நீங்க வேற எதுக்கோ கூப்பிடறீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றேன். பயத்தில் உண்மை வந்துவிட்டது. சர்தார்ஜி இந்தியில் விளக்கம் கேட்டார், யாரோ சொன்னார்கள். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மேஜர் சிரிக்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார். கண்கூடாகத் தெரிந்துவிட்டது, என் கதை முடிந்தது. இங்கேயே அழுதால் நன்றாக இருக்காதே, பஸ் ஏறும்வரை தாங்குவோமா என்று கணக்குப் போட்டேன்.

சித்ரா ஏரியலை மடக்கினாள். "எனக்குச் சம்மதம்ப்பா. தலைகீழா செட் ஆனதை எப்படி ஓட்டறதுன்னு பிடிபட்டுடுச்சு. எங்க போகணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் தள்ளணும், அவ்வளவுதான்."

அவள் விமானத்தைத்தான் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். கல்யாணமாகி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பல் வலி. டாக்டரிடம் போகச் சொல்லி மகள் கெஞ்சினாள், நான் அசையவில்லை. சித்ரா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்த வயசுல தனியா அவ்வளவு தூரம் அவரால போக முடியாது, விடு" என்றாள். யாரால் முடியாது? உடனே ஆட்டோ பிடித்துப் போய், பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு திரும்பி வந்தேன். கதவைத் திறந்த மகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, லேண்ட் ஆயிட்டார்."