உப்பைத் தின்ற கறுப்புத் தகடு

நானோ ஐயாவின் கூடாரத்து வாசலில் செருப்பு விடக்கூட இடமில்லை. எங்கள் தெருக் கிணறுகளில் ஊறுவதெல்லாம் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்து இடுப்பு ஒடிந்தவர்கள் நாங்கள். இடுப்பு ஒடிந்தவர்களிடம் அற்புதம் சீக்கிரம் விலை போகும்.

ஐயாவிடம் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கறுப்புத் தகடு. தினமும் காலையில் கண்ணை மூடிச் சூரியனை நோக்கிக் கையை உயர்த்துவார். பிறகு ஒரு குடம் உப்புத் தண்ணீரைப் பெட்டியில் ஊற்றிக் குழாயைத் திறப்பார். நல்ல தண்ணீர் கொட்டும்.

"நானோ! கண்ணுக்குத் தெரியாது. கடவுளும் அப்படித்தான்!"

கூட்டம் கைதட்டும். கண்ணுக்குத் தெரியாத சரக்கில் ஒரு வசதி. இல்லாவிட்டாலும் தெரியாது.

வீட்டுக்குக் கறுப்புப் பொடி கொடுத்தார். கிணற்றுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு வெயிலில் வைத்தால் உப்பு போய்விடுமாம். ஒரே ஒரு நிபந்தனை: "மனசுல அழுக்கு இருக்கறவங்களுக்கு மட்டும் கரிக்கும்."

தெருவே வாயை மூடிக்கொண்டது.

எனக்குக் கரித்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம், "தேன் மாதிரி இருக்கு" என்றேன். "எனக்கும்தான்" என்றாள், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

என் கணவருக்கு இரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்திருந்தார். பொடித் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய மூன்றாவது வாரம் அவர் கால் வீங்கியது.

"கரிக்குதே" என்றார்.

"உங்க மனசைக் கேளுங்க" என்றேன்.

இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவரின் மனசைச் சந்தேகிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இல்லையென்றால் என்னுடையதைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

அண்ணனைப் பார்க்க நாத்தனார் வந்தாள். ஓர் ஆய்வுக்கூடத்தில் கழுவித் துடைக்கிற வேலை அவளுக்கு. வீங்கிய காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது.

"என்ன அண்ணி குடுக்கறீங்க?"

பெட்டி, பொடி, நானோ எல்லாவற்றையும் சொன்னேன்.

"நானோ பொய் இல்ல அண்ணி. எங்க கிட்டயும் அந்த மாதிரி கறுப்புத் தகடு இருக்கு. வெயிலை நல்லாப் பிடிச்சுத் தண்ணியை ஆவியாக்கும். ஆவி கண்ணாடியில பட்டுச் சொட்டும். அந்த அளவு பெட்டின்னா, நாள் பூரா சொட்டினாலும் ஒரு குடம் நெறையாது. உப்பு பின்னாடியே தங்கிடும். சாயங்காலம் அதைச் சுரண்டறதுதான் என் வேலை." வெடித்துப்போன விரல்களை நீட்டினாள். "உங்க ஐயாவோட தகட்டை யாரு சுரண்டறா?"

அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? நானும் தினம் பாத்திரம் தேய்க்கிறவள்தானே.

மறுநாள் காலை இருவரும் முன்வரிசையில் நின்றோம். தகடு புதுச் சட்டிபோல் பளபளத்தது.

"ஐயா, இத்தனை நாள் ஊத்தின உப்பெல்லாம் எங்க?" என்று கேட்டாள் நாத்தனார்.

"நானோ தின்னுடுச்சும்மா."

"எங்க தகடும் தின்னிருந்தா என் கை பிழைச்சிருக்குமே!"

சிரிப்பு எழுந்தது. ஐயா அவசரமாகக் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினார். உப்புத் தண்ணீர்க் குடம் நிறைந்தபடியே அவர் காலடியில் இருந்தது. பெட்டி காய்ந்து கிடந்தது. நாத்தனார் எட்டிக் குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் கொட்டியது.

"ஐயா, கண்ணைத் திறங்க! நீங்க இன்னும் ஊத்தவே இல்ல!"

"நாளைக்கு ஊத்தப் போறதையும் இன்னைக்கே காய்ச்சிட்டாரு!" என்றார் ஒரு லாரி ஓட்டுநர்.

பெட்டி இருந்த பீடத்தை மூடியிருந்த துணியைத் தையல்காரி இழுத்தாள். உள்ளே, கடையில் விற்கிற தண்ணீர் கேன்கள் நான்கு. ஒன்றிலிருந்து குழாய்க்கு ரப்பர் டியூப். ஐயாவின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. இப்போது பார்க்கச் சரணடைந்தவர் மாதிரி இருந்தது.

"எனக்கு முதல் நாள்லேருந்தே கரிச்சுதுடி" என்றாள் தையல்காரி.

"எனக்கும்."

"எனக்கும்தான்."

கூட்டத்தின் கடைசிவரை அது போனது. அங்கிருந்து ஒரு குரல் மட்டும் திரும்பி வந்தது: "சரி, பொடியாவது நெஜந்தானே?"

வீட்டுக்கு வந்து பொடித் தண்ணீரை ஒரு கரண்டியில் வற்றக் காய்ச்சினேன். கரித்தூள் ஒட்டியிருந்தது. அதோடு வெள்ளையாக உப்பு. கணவரிடம் காட்டினேன்.

"அப்போ என் மனசு?"

"உங்க மனசுல ஒண்ணுமில்லீங்க. என் தலையிலதான் ஒண்ணுமில்ல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா மறைத்தது நான்கு கேன்களைத்தான். கரித்ததை மறைத்தவர்கள் நாங்கள்.

உங்கள் தெருவுக்கும் ஒருவர் பெட்டியோடு வருவார். உப்பு எங்கே என்று அவரைக் கேளுங்கள். அதற்கு முன், கரித்தால் கரிக்கிறது என்று சத்தமாகச் சொல்லப் பழகுங்கள்.